ஸைத்தூன் நகரில் ஒரு மாணவர்

சீன தேசத்தையும் கல்வித் தேட்டத்தையும் இணைத்துச் சொல்லும் வாசகம் ஒன்று நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதன் அறிவிப்புத் தொடர் பலமானதன்று என்பது ஹதீஸ் கலை வல்லார் கருத்து. எனினும், கல்விக்காகவே சீனம் சென்று மீண்ட மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கூறிய செய்திகள் வாசகர்கள் அறியத்தக்கவை.

சிறுவயதில் எம் மதரஸாவில் ஓதிய அவர், பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சௌ நகரில் ஒரு பருவம் பயின்றார். பிள்ளை என்ன உண்பான், எங்கே தொழுவான் என்னும் இரண்டு கவலைகளோடுதான் தாயார் அவரை வழியனுப்பி வைத்தார்.

ஒலிவம் இல்லாத ஊர்

அரபு வணிகர்கள் இந்நகரை ‘ஸைத்தூன்’ என்றனர். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்திறங்கிய இப்னு பதூதா, பெயர்தான் ஸைத்தூன், ஒலிவ மரம் இங்கில்லை என்று எழுதினார். துறைமுகத்தில் ஏறத்தாழ நூறு பெருங்கப்பல்களைக் கண்டதாகவும் குறித்துள்ளார். உண்மையில் இப்பெயர், ‘சித்தோங்’ என்னும் சீனச் சொல்லின் அரபுத் திரிபு. சித்தோங் என்பது நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கையே!

தமிழ் வணிகரும் அங்கு வாழ்ந்தனர். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்துள்ளது. 2021இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தாயாரின் கவலைகள் விரைவிலேயே தீர்ந்தன. வடமேற்கிலிருந்து வந்து குடியேறிய ஹூய் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களில் ‘சிங்ஜென்’ என்னும் ஹலால் பலகை தொங்கியது. மாட்டிறைச்சிச் சாற்றில், கையால் இழுத்து நீட்டிய மாவிழைகள் மிதந்தன. தொழுவதற்கு, ஹிஜ்ரி 400இல், அதாவது கி.பி. 1009 அளவில், கருங்கல்லால் எழுப்பப்பட்ட சிங்ஜிங் பள்ளிவாசல் இருந்தது. அதன் பழைய தொழுகைக் கூடத்திற்கு இன்று மேற்கூரை இல்லை. வானமே கூரையாக, சுவர்களில் மட்டும் இறைவசனங்கள் நிற்கின்றன. நகரின் கிழக்கே லிங்ஷான் குன்றில், நபித்தோழர் இருவருடையவை என்று மரபு கூறும் அடக்கத்தலங்கள் உள்ளன. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தளபதி ஜெங் ஹே 1417இல் அங்கு வந்ததை ஒரு கல் தெரிவிக்கிறது.

தோழர் கேட்ட கேள்வி

உடன் பயின்ற சீன மாணவர் ஒருவர் அவரைத் தம் ஊரான சென்டாய்க்கு அழைத்துச் சென்றார். அங்கு வாழும் டிங் குலத்தார் முஸ்லிம் வணிகர்களின் வழிவந்தோர். 1357 முதல் 1366 வரை நீடித்த கலகத்தின் பின்விளைவாக முஸ்லிம்கள் ஸைத்தூனை விட்டுச் சிதறியபோது கடலோரத்தில் ஒதுங்கியவர்கள். தலைமுறைகள் செல்லச் செல்லத் தொழுகை மறைந்தது, ஓதல் மறைந்தது. 1979இல் அரசு அவர்களை ஹூய் இனத்தாராக ஏற்றது. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் இன்று மார்க்கத்தை அறியார்.

குலமண்டபத்தில் முன்னோர்க்குப் படையல் வைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அதில் பன்றி இறைச்சி மட்டும் இடம்பெறாது.

“ஏன் வைப்பதில்லை என்று பாட்டியிடம் கேட்டால், முன்னோர்க்கு ஆகாது என்கிறார். உனக்குக் காரணம் தெரியுமா?” என்று தோழர் கேட்டார். தமக்குத் தெரிந்ததை நம் மாணவர் எடுத்துரைத்தார். தோழர் நெடுநேரம் பேசவில்லையாம்.

இதைச் சொல்லி முடித்தவர் என்னை நோக்கி, “ஹஜ்ரத், எல்லாம் போன பிறகும் ஒரு விலக்கல் மட்டும் அறுநூறு ஆண்டுகள் நின்றிருக்கிறது. ஆனால் காரணம் நிற்கவில்லையே!” என்றார்.

நான் தலைகுனிந்தேன். பத்து வயதில் இதே பிள்ளை ‘ஏன்’ என்று கேட்ட போதெல்லாம், “பாடத்தைப் பார்த்து ஓது” என்று நான் அடக்கியதுண்டு. ஹராமை விலக்கக் கற்பித்தோம். அதன் பொருளை விளக்கக் கற்பித்தோமா? வழக்கம் மட்டும் கைமாறி, அறிவு கைமாறாவிடில், நாளை நம் பேரப்பிள்ளைகளும், “எங்கள் முன்னோர்க்கு ஆகாது” என்று மட்டுமே சொல்லக்கூடும்.

பெற்றோர்களே! பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டால் அதட்டாதீர்கள். அறிந்ததைச் சொல்லுங்கள், அறியாததைக் கேட்டுச் சொல்லுங்கள். நானும் இப்போது என் வகுப்பில் பாடத்தின் இறுதிப் பகுதியைக் கேள்விகளுக்கென ஒதுக்கியுள்ளேன்.

நம் சந்ததியினரின் ஈமானை அறிவோடு நிலைபெறச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.