தம்பிப் பாப்பா வந்த வீட்டில் மூத்த பிள்ளை



லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்றால் நாம் எல்லோரும் தொட்டிலைத்தான் எட்டிப் பார்க்கிறோம். ஆம்பளைப் பிள்ளையா பொம்பளைப் பிள்ளையா, எத்தனை கிலோ, யாருடைய மூக்கு என்று கேட்கிறோம். அதே நேரம் இஸ்தோப்பு ஓரத்தில் விரலைச் சூப்பிக்கொண்டு இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று நிற்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும், "இனிமே ஒனக்கு அம்மா மடி கெடையாது, தம்பிக்குத்தான்" என்று சொல்லிச் சிரிக்கிறோம். நாம் கேலிக்குச் சொல்கிறோம். அந்த வயதுப் பிள்ளைக்குக் கேலி எது, நிசம் எது என்று தெரியாது.

இம்முறை அந்த மூத்த பிள்ளையைப் பற்றி எழுதுகிறோம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் நாங்கள் போயிருந்த ஒரு டிவிசனில் ஒரு தாய் எங்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். பேறுகாலத்துக்கு முன்னர், இரண்டு வயது தாண்டிய மூத்த மகளை வேறு தோட்டத்தில் இருக்கும் அம்மாயி வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். "இங்க ஒரே காம்பரா, நானும் பச்ச ஒடம்புக்காரி, ரெண்டையும் எப்படிப் பாக்கிறது?" என்பது அவர் சொன்ன காரணம். 40 நாள் கழித்துத் தகப்பன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கி விட்டதும் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று தாய் கையை நீட்டியிருக்கிறார். பிள்ளை வரவில்லை. தகப்பன் காலைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்ததாம். "நான் பெத்த புள்ள என்னையே அடையாளம் தெரியாத மாதிரி நிக்கிறா மிஸ்ஸி. நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டார்.

அவர் ஒரு பாவமும் செய்யவில்லை. பிள்ளை தாயை மறக்கவும் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு 40 நாள் என்றால் என்னவென்று தெரியாது. நாளைக்கு, அடுத்த கிழமை, சம்பளத்துக்கு அப்புறம் என்று நாம் சொல்லுவது எதுவும் அதன் கணக்கில் சேராது. அம்மா இருக்கிறாள், அல்லது அம்மா இல்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சில நாள் தேடித் தேடி அழுகிறது. பிறகு அழுகையை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. "பழகிருச்சு, இப்ப தேடுறதே இல்ல" என்று அம்மாயி சந்தோஷமாகச் சொல்லி அனுப்பியிருப்பார். திரும்பி வந்து பார்த்தால் தான் படுத்த இடத்தில் வேறொரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கிறது.

நம் பெரியவர்கள் இதைக் கவனிக்காமல் இருந்ததில்லை. தாய் வயிற்றில் அடுத்த பிள்ளை தங்கியதும் பால் இழந்து, கைகால் சூம்பி, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, எதற்கெடுத்தாலும் சிணுங்கும் பிள்ளையைச் "சவலை பாய்ந்த பிள்ளை" என்றார்கள். இதே சங்கதியைக் கடல் கடந்து ஆபிரிக்காவிலும் தாய்மார் கண்டிருக்கிறார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் 1930களில் இன்றைய கானாவில் வேலை செய்தபோது, உடம்பு வீங்கி, தோல் உரிந்து சாகும் சிறு பிள்ளைகளைக் கண்டார். அது என்ன நோய் என்று அங்குள்ள தாய்மாரிடம் கேட்டார். அவர்கள் சொன்ன பெயர் "குவாஷியோர்கர்". அடுத்த பிள்ளை வரும்போது மூத்த பிள்ளைக்கு வருகிற நோய் என்பது அதன் அர்த்தம். 1935இல் அவர் அந்தப் பெயரையே ஒரு வைத்திய சஞ்சிகையில் எழுதினார். இன்றும் உலகம் முழுதும் வைத்தியர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சவலை ஏன் பாய்கிறது? "வயித்துப் புள்ளக்காரி பால் கெட்ட பால், அதைக் குடிச்சா மூத்தது மெலியும்" என்று லயத்தில் சொல்வதுண்டு. அது சரியில்லை. கர்ப்பிணித் தாயின் பால் கெட்டுப் போவதில்லை. குறைகிறது, ருசியும் மாறுகிறது. குறைந்து போன பாலுக்கு ஈடாக வேறு சாப்பாடு கொடுக்காததுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் ஊட்டி விடும் கை இல்லாமற் போவது. அம்மா மடியில் இருந்து ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்ட பிள்ளையின் முன்னால் பீங்கானை வைத்துவிட்டு, "பெரிய புள்ளதானே, அள்ளித் தின்னு" என்கிறோம். அது ரெண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து போகிறது. அழுதால் கையில் ஒரு பிஸ்கட்டும் வெறும் தேத்தண்ணியும். தேத்தண்ணி வயிற்றை நிறைக்கும், பசியை அடக்கும். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது. பிள்ளை மெலிகிறது, சளி பிடிக்கிறது, இன்னும் மெலிகிறது.

பால் மறக்க வைப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முலையில் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்துவது நம்மிடம் உள்ள வழக்கம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் பேறுகாலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கி, ஒரு நேரப் பாலை விட்டு, சில நாள் கழித்து இன்னொரு நேரப் பாலை விட்டு, மெதுவாக நிறுத்துங்கள். பகல் பால் முதலில், தூங்கப் போகும் நேரத்துப் பால் கடைசியில். நிறுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. கர்ப்பம் நல்லபடியாக இருந்தால் மூத்த பிள்ளை தொடர்ந்து குடிக்கலாம். இரத்தம் பட்டிருந்தால், முன்பு குறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தால், இரட்டைப் பிள்ளை என்று சொல்லியிருந்தால் மருத்துவமாதுவிடமோ டாக்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த பிறகு சின்னதுக்குத்தான் முதல் உரிமை, முக்கியமாக முதல் சில நாள் சீம்பால். அது குடித்து முடித்த பிறகு மூத்தது வந்து வாய் வைத்தால் அடித்துத் துரத்தாதீர்கள். பல பிள்ளைகள் ஒரு தரம் வாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதற்கு வேண்டியது பால்கூட இல்லை, தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது.

அடுத்தது, அடம். நன்றாகப் பேசிய பிள்ளை மழலை பேசும். படுக்கையில் மூத்திரம் போவதை நிறுத்திய பிள்ளை மறுபடி பாயை நனைக்கும். தூக்கச் சொல்லும். தம்பியைக் கிள்ளும், தொட்டிலைப் பிடித்து இழுக்கும். "ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் குடுத்துட்டு வா" என்று சொன்ன பிள்ளையையும் எங்களுக்குத் தெரியும். இதெல்லாம் பொறாமைக் குணம், பிடிவாதம் என்று அடி விழுகிறது. சில வீடுகளில் கண்ணூறு, பயந்த கோளாறு என்று கயிறு கட்டுகிறார்கள். கட்டுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. கயிறு கட்டிய கையோடு கொஞ்ச நேரம் மடியிலும் வைத்திருங்கள். அடித்தால் இந்த அடம் கூடும். தம்பி வந்த பிறகுதான் அடி வருகிறது என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டுவிடும்.

என்ன செய்யலாம்? பெரிய செலவு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பிள்ளை தூங்கும்போது சத்தமில்லாமல் நழுவாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ராத்திரிகளில் யாரோடு படுக்கப் போகிறதோ அவரோடு சில கிழமை முன்பிருந்தே படுக்கப் பழக்குங்கள். அது தகப்பனாக இருந்தால் மிகவும் நல்லது. அம்மாயி உதவி வேண்டுமென்றால் பிள்ளையை அங்கே அனுப்புவதை விட அம்மாயியை இங்கே அழைப்பது மேல். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் இன்னொரு பாய் எங்கே போடுவது என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். அந்தக் கஷ்டம் ஒரு மாதத்தோடு போய்விடும்.

பிள்ளை மடுவத்தில் புதிதாகச் சேர்ப்பதும் இதே போலத்தான். தம்பி பிறந்த கிழமையில் மூத்ததை முதல் தடவையாக மடுவத்தில் கொண்டுபோய் விட்டால், வீட்டை விட்டு விரட்டியதாகவே அதற்குத் தோன்றும். சேர்ப்பதானால் சில மாதம் முன்பே சேருங்கள். ஏற்கெனவே போகிற பிள்ளையானால், "அம்மா வீட்டில்தானே இருக்கா" என்று நிறுத்திவிடாதீர்கள். அங்கே சாப்பாடும் கூட்டாளிகளும் இருக்கிறார்கள். கொஞ்சம் வேளையோடு கூட்டிக்கொண்டு வந்தால் போதும். வீட்டில் புதுப்பிள்ளை வந்திருப்பதை மடுவத்து ஆயம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

வீட்டில் சின்னது தூங்கும் நேரத்தில் துணி துவைக்க ஓடாமல் ஒரு கால் மணி நேரம் மூத்ததோடு இருங்கள். ஒரு வேளைச் சோறாவது அம்மா கையால் ஊட்டுங்கள். பருப்பும் கீரையும் நெத்தலிப் பொடியும் போட்டுப் பிசைந்தால் போதும், முட்டை இருந்தால் நல்லது. தம்பிக்குப் பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கையால் அணைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் மூத்ததைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத் தொட்டிலுக்குப் போகட்டும்.

பொம்பளைப் பிள்ளை மூத்ததாக இருந்தால் இன்னொரு பாரம் வந்து சேர்கிறது. "அக்கா ஆயிட்டா, இனி அவதான் தம்பியப் பாத்துக்குவா." மூன்று வயதில் அவள் யாரைப் பார்த்துக்கொள்வது? துணி எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம், அவளும் சந்தோஷமாகச் செய்வாள். தொட்டிலை ஆட்டும் வேலையை அவளிடம் விட்டுவிட்டுப் பீலிக்குப் போகக் கூடாது. இந்த வயதுப் பிள்ளை பாசத்தால் பிஸ்கட்டையும் கடலையையும் பச்சைப் பிள்ளை வாயில் வைக்கும். சேலைத் தொட்டிலில் ஏறும், கழுத்துச் சுற்றிக்கொள்ளும். தாய் குளிக்கக் காய்ச்சிய வெந்நீர்ப் பானையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

தகப்பன்மார் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். இந்த இரண்டு மூன்று மாதம் மூத்த பிள்ளைக்கு நீங்கள்தான். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வரைக்கும் போய் வாருங்கள். வேறு எங்கு போகாமல் இருக்க வேண்டும் என்பதை நாங்கள் எழுதத் தேவையில்லை.

இரண்டாவது அழுகை ஒன்று இருக்கிறது, அதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மகப்பேற்று லீவு, 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். அதற்கு முன் மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான். லீவு முடிந்து தாய் மலைக்குப் போகும்போது சின்னதும் மடுவத்துக்கு வருகிறது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போக உங்களுக்கு உரிமை உண்டு. மடுவம் உள்ள இடத்தில் ஒரு தடவைக்கு 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. நீங்கள் கூடையை வெளியே வைத்துவிட்டு ஓடி வந்து, சின்னதைத் தூக்கி, பால் கொடுத்து, திரும்ப ஓடுகிறீர்கள். மூத்தது மூலையில் நின்று இதை இரண்டு தடவையும் பார்க்கிறது. அம்மா வந்தாள், என்னைத் தொடவில்லை, போய்விட்டாள். உள்ளே வந்ததும் முதலில் அதன் தலையைத் தடவி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பிறகு சின்னதைத் தூக்குங்கள். அரை நிமிடம் போகும்.

முன்னே சொன்ன தாயிடமும் நாங்கள் இவைகளைத்தான் சொன்னோம். முதல் கிழமை முழுதும் அந்தப் பிள்ளை தகப்பன் கையால்தான் சாப்பிட்டது. தாய் வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து கதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது கிழமை ஒரு நாள் அவர் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கையில் பிள்ளை பின்பக்கமாக வந்து முதுகில் சாய்ந்து நின்றதாம். "நான் திரும்பிப் பாக்கல மிஸ்ஸி, திரும்பினா போயிருவாளோன்னு பயந்து அப்படியே இருந்தேன்" என்றார்.

ஆனால் அதன் நிறை அந்தக் கிளினிக்கில் கூடவில்லை, அடுத்ததில்தான் கூடியது. இரண்டு வயது வரை பிள்ளைகளை மாதா மாதம் நிறுக்கிறார்கள். அதன் பிறகு பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். தம்பி பிறக்கும் நேரமும் மூத்தது மாதா மாத நிறுவையிலிருந்து விலகும் நேரமும் பல வீடுகளில் ஒன்றாக வருகிறது. ஆகவே இந்த மாதம் சின்னதைக் கிளினிக்குக் கொண்டு போகும்போது மூத்ததையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதன் காட்டையும் எடுத்துப் போங்கள். கேட்டால் மருத்துவமாது நிறுத்துப் பார்ப்பார். கோடு மேலே போகாமல் சமமாக நின்றாலே சொல்லிவிடுங்கள், கீழே இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம். தாய்க்கு என்றோ மெலிந்த பிள்ளைக்கு என்றோ திரிபோஷா தந்தால் அது யார் பேருக்குக் கொடுத்ததோ அவர்களுக்கே போகட்டும்.