ரொக்கத்துக்கு வரம்பு: விளைபொருள் விற்பவர் அறிய வேண்டியவை

ஜவ்வாது மலை அடிவாரத்திலுள்ள படவேடு பகுதியில் நெல்லும் வாழையும் முக்கியமான பயிர்கள். நெல் மூட்டைகள் ஆரணி அரிசி ஆலைகளுக்குப் போகின்றன. வாழைத்தார்கள் வியாபாரிகளின் லாரியில் ஏறுகின்றன. ஆரணி வட்டாரத்தில் விவசாயத்தோடு பட்டுத் தறியும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. களத்து மேட்டிலும் தோட்டத்திலும் தறி மேடையிலும் ரொக்கமாகப் பணம் கைமாறுவது பழைய வழக்கம்.

இந்த வழக்கத்துக்கு வருமான வரிச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. "விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, ஆகவே அந்தச் சட்டத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை" என்று பல விவசாயிகள் எண்ணுகிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி சரியல்ல. வரி கட்ட வேண்டாதவருக்கும் ரொக்க வரம்பு பொருந்தும். இதை அறியாமல் இருந்தால் ஒரு போகத்தின் பணம் முழுவதும் அபராதமாகப் போகக்கூடும்.

வரம்பு என்ன?

2017 ஏப்ரல் 1 முதல் எவரும் ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. இதைச் சட்டம் மூன்று விதமாகக் கணக்கிடுகிறது. முதலாவது, ஒரே நாளில் ஒரே நபரிடமிருந்து வாங்கும் மொத்தத் தொகை. இரண்டாவது, ஒரே விற்பனைக்காக வாங்கும் தொகை. அதை எத்தனை நாளில், எத்தனை தவணையில் வாங்கினாலும் ஒன்றாகவே கூட்டப்படும். மூன்றாவது, கல்யாணம் போன்ற ஒரே விசேஷத்துக்காக ஒரே நபரிடமிருந்து வாங்கும் தொகை.

வரம்பை மீறினால் எவ்வளவு ரொக்கம் வாங்கினாரோ அவ்வளவும் அபராதம். அபராதம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு. அறுவடைக் காலத்தில் பணம் வாங்குகிறவர் விவசாயிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. தக்க காரணம் இருந்ததாக மெய்ப்பித்தால் அபராதம் விலக்கப்படலாம். ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டிய பாரம் வாங்கியவருடையது.

பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் பிரிவு எண்கள் வேறு. ஆகவே விவரம் கேட்கும்போது எண்ணைச் சொல்லிக் கேட்காமல், "ரொக்கமாக வாங்கும் வரம்பு" என்று விஷயத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது.

நெல்லுக்கு ஒரு கணக்கு, வாழைக்கு ஒரு கணக்கு

மூன்றரை ஏக்கரில் 90 குவிண்டால் நெல் கண்ட ஒரு விவசாயி, அதைக் குவிண்டால் ரூ. 2,400 வீதம் ஒரே வியாபாரிக்கு விலை பேசி விற்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ. 2,16,000. எடை போட்ட அன்று ரூ. 1,00,000, நான்கு நாள் கழித்து ரூ. 66,000, மறு வாரம் ரூ. 50,000 என்று வியாபாரி ரொக்கமாகக் கொடுக்கிறார். எந்த நாளிலும் 2 லட்சம் தாண்டவில்லை. ஆனால் விற்பனை ஒன்றே. ஆகவே வரம்பு மீறப்பட்டுவிட்டது. அபராதம் ரூ. 2,16,000.

இதே விற்பனையில் ரூ. 1,50,000 ரொக்கமாகவும், மீதி ரூ. 66,000 பாங்கிக் கணக்கின் மூலமாகவும் வாங்கியிருந்தால் தொல்லையில்லை. ரொக்கமாக வாங்கிய தொகை 2 லட்சத்துக்குக் கீழே நிற்கிறது.

வாழையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. முற்றிய தார்களை அவ்வப்போது வெட்டி, வெட்டிய அன்றைய விலைக்குத் தனித்தனியே விற்பது ஒன்று. ஒவ்வொரு வெட்டுக்கும் தனிப் பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றும் தனி விற்பனை. தோட்டம் முழுவதையும் மொத்தமாக ரூ. 3 லட்சத்துக்கு விலை பேசிவிட்டு, வியாபாரி வெட்ட வெட்டப் பணம் வாங்குவது மற்றொன்று. இது ஒரே விற்பனை. பத்துத் தவணையில் வாங்கினாலும் ரொக்கம் 2 லட்சத்தைத் தொட்டால் குற்றம். தோட்டத்தை மொத்தமாக விடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

விளைவித்தவர் ஒருவராக இருக்க, பட்டியலை மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் பிரித்து எழுதச் சொல்வது யோசனையல்ல. பின்னால் விசாரணை வந்தால் பட்டியலே பொய்யாகிவிடும்.

வியாபாரி சொல்லும் காரணம்

"பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொடுக்கச் சட்டம் இல்லை. செக் தருகிறேன், அடுத்த மாதம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சில வியாபாரிகள் சொல்வதுண்டு. வியாபாரி ஒருவருக்கு ஒரே நாளில் ரூ. 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அதைத் தம் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்பது பொது விதி. ஆனால் விளைவித்தவரிடமிருந்தே நேரடியாக விளைபொருள் வாங்கும்போது இந்த விதிக்கு விலக்கு உண்டு. பால், கோழி, மீன், தேன், பழம், காய்கறி ஆகியவற்றை உற்பத்தி செய்தவரிடம் வாங்குவதற்கும் இதே விலக்கு. நடுவில் தரகர் வாங்கி விற்றால் விலக்கு இல்லை.

இதில் குழப்பம் எழுந்ததால் மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 நவம்பர் 3 அன்று ஒரு விளக்கம் வெளியிட்டது. விவசாயி தம் விளைபொருளை ரூ. 2 லட்சத்துக்குக் குறைவாக வியாபாரிக்கு ரொக்கத்துக்கு விற்றால் வியாபாரிக்கும் பாதகமில்லை, விவசாயிக்கும் தடையில்லை என்பது அதன் சாரம். ஆகவே 2 லட்சத்துக்கு உட்பட்ட விற்பனையில் சட்டத்தைக் காட்டிப் பணத்தை இழுத்தடிப்பது நியாயமல்ல. சட்டம் ரொக்கத்தைத் தடுக்கலாம். தாமதத்தை எங்கும் அனுமதிக்கவில்லை.

கைமாற்றுக் கடனும் நிலக் கிரயமும்

கடனுக்கு வரம்பு இன்னும் கீழே இருக்கிறது. ரூ. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. இருவருக்கும் விவசாய வருமானம் இருந்து, இருவரில் எவருக்கும் வரிக்கு உட்பட்ட வருமானம் இல்லையென்றால், ரொக்கமாகக் கடன் வாங்குவதற்கு விலக்கு உண்டு. பக்கத்து நிலத்துக்காரரிடம் வாங்கும் கைமாற்று இதில் அடங்கலாம். வரி கட்டும் நெல் வியாபாரியிடமோ ஜவுளி முதலாளியிடமோ ரூ. 50,000 ரொக்கமாகக் கடன் வாங்கினால் அடங்காது. அங்கேயும் அபராதம் கடன் தொகைக்குச் சமம். வாங்கியவர் தலையில்தான் விழும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர்களுக்கு இந்த வரம்பு 2023இல் ரூ. 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதுவரை சங்கமும் உறுப்பினரும் ரூ. 20,000 வரம்புக்கு உட்பட்டே ரொக்கம் கையாள வேண்டியிருந்தது.

நிலம் விற்கும்போது முன்பணமாகவோ கிரயத் தொகையாகவோ வாங்கும் ரொக்கத்துக்கும் 2015 ஜூன் 1 முதல் ரூ. 20,000 வரம்பு உண்டு. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு உத்தரவும் பிறப்பித்தது. ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக ஒரு வழக்கில் சொல்லப்பட்டால், கோர்ட் அதை வருமான வரி இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். பத்திரத்தில் அவ்வாறு எழுதியிருந்தால் சார்பதிவாளரும் தெரிவிக்க வேண்டும். கால் காணி விற்கிறவரும் கிரயத் தொகையைக் கணக்கின் மூலம் வாங்கிக்கொள்வதே பத்திரம்.

சுதந்திரம் பற்றிய வாதம்

நேர்மையாகச் சம்பாதித்த பணத்தை எந்த வடிவில் வாங்குவது என்பது ஒருவரது சொந்த உரிமை அல்லவா என்ற கேள்வி எழுகிறது. சர்க்கார் தரப்பு வாதம் இது: கணக்கில் வராத பணம் ரொக்கமாகவே உலவுகிறது. நிலத்தின் விலையைக் குறைத்துக் காட்டுவதும் வரி ஏய்ப்பதும் ரொக்கத்தால்தான் எளிதாகின்றன. முன்னாள் நீதிபதி எம்.பி. ஷா தலைமையிலான கறுப்புப் பண விசாரணைக் குழு ரூ. 3 லட்சம் வரம்பை 2016இல் சிபாரிசு செய்தது. 2017 பட்ஜெட்டிலும் 3 லட்சமே சொல்லப்பட்டது. மசோதா நிறைவேறும்போது அது 2 லட்சமாகக் குறைந்தது.

எதிர்த் தரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பாங்கி தூரத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் இணைப்பு அறுந்தால் அன்றைக்குப் பணம் இல்லை. அறுவடைக் கூலியோ அன்று மாலையே கொடுக்க வேண்டும். தவணை தவறிய கடன் இருந்தால், கணக்கில் விழும் நெல் பணத்தை பாங்கி கடனில் வரவு வைத்துக்கொள்ள இடமுண்டு. கையில் உள்ள ரொக்கத்துக்கு இந்த ஆபத்துகள் இல்லை.

ரொக்கத்தில் சர்க்கார் கைவைத்தால் கிராமம் என்ன பாடுபடும் என்பதை 2016 காட்டியது. அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று ரூ. 500, ரூ. 1,000 நோட்டுகள் செல்லாமல் போயின. மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக் கூடாது என்று நவம்பர் 14 அன்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. விவசாயிக்கு மிக அருகிலிருந்த கதவு இதனால் அடைபட்டது. பிறகு ரிசர்வ் பாங்கியின் 2017-18 அறிக்கைப்படி, அந்த நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டன. அந்நடவடிக்கை செல்லும் என்று 2023 ஜனவரி 2 அன்று சுப்ரீம் கோர்ட் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

மேல்நாடுகளிலும் இந்த வாதம் ஓயவில்லை. வியாபாரத்தில் 10,000 யூரோவுக்கு மேல் ரொக்கம் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 2024இல் சட்டம் செய்தது; அது 2027 ஜூலை முதல் அமலாக வேண்டியது. அந்த யூனியனைச் சேர்ந்த ஸ்லோவாக்கியாவோ, ரொக்கத்தில் பணம் செலுத்தும் உரிமையை 2023இல் தன் அரசியல் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது.

விலை ஏறியது, வரம்பு ஏறவில்லை

நம் சிறு விவசாயிக்கு இதில் உள்ள உண்மையான குறை வேறு. 2017-18இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்காரின் ஆதரவு விலை குவிண்டால் ரூ. 1,550. அந்த விலையில் 2 லட்சம் என்பது 129 குவிண்டால். 2025-26இல் ஆதரவு விலை ரூ. 2,369. அந்த விலையில் அதே 2 லட்சம் 84 குவிண்டால்தான். வரம்பு நின்ற இடத்திலேயே நிற்க, விலை ஏறியதால், ஐந்து ஏக்கர்காரரைத் தொட்ட சட்டம் மூன்றரை ஏக்கர்காரரையும் தொடுகிறது.

கடன் வரம்பு இதைவிட மோசம். 1984இல் ரூ. 10,000 என்று தொடங்கி 1989இல் ரூ. 20,000 ஆக்கப்பட்டது. 1989-90இல் நெல்லின் ஆதரவு விலை குவிண்டால் ரூ. 185. அப்போது 20,000 ரூபாய் என்றால் 108 குவிண்டால் நெல்லின் விலை. பெரிய பண்ணையார் வாங்கும் கடன். இன்று அது எட்டரைக் குவிண்டால்கூட இல்லை. உரத்துக்கும் உழவுக்கும் வாங்கும் கைமாற்றே அதைத் தாண்டிவிடும். கறுப்புப் பணத்துக்கு விரித்த வலையில் கண் சிறுத்துக்கொண்டே போனால், சிறு மீன்களும் சிக்கும். ஆதரவு விலை உயரும்போது இவ்வரம்புகளையும் உயர்த்த வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்பதில் நியாயம் இருக்கும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு விற்பனைக்கும் தேதி, எடை, விலை, வியாபாரியின் பெயர் குறித்த பட்டியலைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். தேர்தல் காலத்தில் ரூ. 50,000க்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் பறக்கும் படை ஆதாரம் கேட்கும். அப்போது கைகொடுப்பது இந்தச் சீட்டுதான்.

விலை பேசும்போதே எவ்வளவு ரொக்கம், எவ்வளவு கணக்கில் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு விற்பனைக்கு ரொக்கம் 2 லட்சத்துக்குக் குறைவாகவே இருக்கட்டும். கூலிக்கும் வண்டி வாடகைக்கும் வேண்டியதை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, மீதியைக் கணக்கில் போடச் சொல்லலாம்.

செக் வாங்கினால் குறுக்குக் கோடிட்டு, கணக்கில் மட்டுமே செலுத்தத்தக்கதாக வாங்க வேண்டும். கொண்டுபோனவருக்குப் பணம் கொடுக்கும் செக்கைச் சட்டம் ரொக்கத்துக்குச் சமமாகவே பார்க்கிறது.

கணக்கில் விழுந்த சொந்தப் பணத்தை பாங்கியிலிருந்து எடுக்க இந்த 2 லட்சம் வரம்பு பொருந்தாது. வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

தவணை தவறிய கடன் உள்ளவர்கள், நெல் பணம் கணக்கில் விழுவதற்கு முன்பே பாங்கி மேனேஜரைக் கண்டு, கடனில் எவ்வளவு வரவு வைப்பது, அடுத்த பயிருக்கு எவ்வளவு விடுவது என்று பேசிக்கொள்ள வேண்டும். அறுவடைக்குப் பிறகு பேசுவதைவிட அறுவடைக்கு முன் பேசுவது பலன் தரும்.

தம் தொகை வரம்புக்குள் வருமா என்ற ஐயம் இருந்தால், பணத்தை வாங்குவதற்கு முன் சங்கச் செயலாளரையோ ஆடிட்டரையோ கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். வாங்கிய பிறகு கேட்டால் அபராதத்தின் அளவைத்தான் அவர்களால் சொல்ல முடியும்.