வெற்றிலைக்கு ஏன் அந்தப் பள்ளம்?

பிப்ரவரி பிறந்தால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் இதய வடிவ பலூன்கள் தொங்கத் தொடங்கிவிடும். நெஞ்சுக்குள் சாய்ந்து கிடக்கும் கைமுட்டி அளவுத் தசைக்கும் இந்த வடிவத்துக்கும் என்ன உறவு என்று ஸ்ரீரங்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உறவு மிகக் குறைவு. அந்த வடிவத்தை அச்சு அசலாகப் பார்க்க வேண்டுமானால் காந்தி மார்க்கெட்டில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கினால் போதும்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 1250 வாக்கில் எழுந்த ஒரு பிரெஞ்சுக் காதல் காவியத்தின் ஏட்டில், காதலனின் இதயம் காதலியிடம் நீட்டப்படும் படம் உண்டு. பைன் காய் போன்ற இதயம்; பள்ளமே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் பள்ளம் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் சீட்டுக்கட்டு அதை ஊரெங்கும் கொண்டு சேர்த்தது. பழங்காலச் சிரேனே நகரத்து நாணயங்களில் உள்ள சில்ஃபியம் என்ற செடியின் விதைதான் மூலம் என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறது. அந்தச் செடி அழிந்ததற்கும் இந்தப் படங்களுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. நடுவில் ஒரு கண்ணியும் கிடையாது. ரோமானியக் கல்வெட்டுகளிலேயே அலங்காரமாக நிற்கும் ஐவிக் கொடியின் இலையைத்தான் நான் நம்புவேன்.

நம் ஊரில் காதலைச் சொல்ல இந்தச் சின்னம் தேவைப்பட்டதில்லை. பங்குனி உத்திரத்தன்று நம்பெருமாளும் தாயாரும் ஊடிக் கூடும் சேர்த்தியைக் காண ஸ்ரீரங்கமே திரள்கிறது. கல்யாணம் நிச்சயமாவதோ அந்த வடிவ இலையை மாற்றிக்கொண்டுதான்.

இலை ஏன் அந்த வடிவில் இருக்கிறது? என்னை மயக்குவது இதுதான். சீர்வரிசைத் தாம்பாளத்தை விளிம்பில் ஒரே கையால் பிடித்துப் பாருங்கள். பாரம் முழுக்க ஒரு பக்கம், மணிக்கட்டு கடுக்கும். விளிம்பை வெட்டிக் கையை உள்ளே நகர்த்தினால் தட்டின் இரு மடல்கள் கைக்குப் பின்னால் வந்துவிடும். தேங்காய் முன்னே, பழம் பின்னே. பாரம் பிடிக்கு அருகில் வருகிறது, மெலிந்த கையே போதும். வெட்டிய தாம்பாளம் இப்போது இதய வடிவம். வெட்டை நடுவரை கொண்டுபோய்ப் பின்னால் ஒட்டிவிட்டால் தாமரை இலை!

முசிறி, தொட்டியம் கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றி ஏறும் வெற்றிலைக்கு இது பெரிய சிக்கனம். நிழலில் அகன்ற இலை வேண்டும். தடித்த தண்டுக்குச் செலவிட முடியாது. காம்பு சேரும் இடத்தருகிலிருந்தே முக்கிய நரம்புகள் விசிறியாகப் பிரிவதால் பின்மடல்களுக்கும் தண்ணீர் குறுக்குவழியில் போய்ச் சேர்கிறது.

இதய வடிவம் என்பதால் வெற்றிலை இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உருவ ஒற்றுமை மருந்தாகாது. பாக்கோடு சேர்த்து மெல்லும் பழக்கம் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் உறுதிப்படுத்திவிட்டது.

மாவிலை ஒன்றையும் வெற்றிலை ஒன்றையும் எடுத்து, ஒவ்வொன்றும் விரல்நுனியில் எந்த இடத்தில் சமநிலைக்கு வருகிறது, அந்த இடம் காம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். வெற்றிலையில் அந்தத் தூரம் இலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் குறைவாக இருக்கும்.