‘கருப்பு’ பெருசா, ‘சுழல்’ பெருசா? பழவேற்காட்டில் காரசார வாக்குவாதம்!

பழவேற்காடு ஏரிக்கரை குப்பங்களில் வலையைக் காயப்போட்டு உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா? டி.வி.யில் வந்த கொலை மர்மக் கதைகளில் எது ‘நம்பர் ஒன்’ என்பதில் இளசுகளும் பெருசுகளும் இரண்டு கட்சி.

இளவட்டத்தின் ஓட்டு, அமேசான் பிரைமில் 2022-ல் வந்த ‘சுழல்’ தொடருக்கு. புஷ்கர்-காயத்ரி எழுத்து; கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ் நடிப்பு. 2025-ல் வந்த 2-ம் பாகத்தில் கடலோர ஊர், வக்கீல் கொலை, சிக்குவது 8 இளம்பெண்கள். மீனவர் குப்பத்தில் எடுபடக் கேட்கவா வேண்டும்?

பெருசுகள் விடுவதாக இல்லை. 1997-ல் சன் டி.வி.யைக் கலக்கிய ‘விடாது கருப்பு’வுக்கு முன்னால் இதெல்லாம் ஜுஜுபியாம்! மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா டைரக்‌ஷன். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் போர்வைக்குள்.

அப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான். ஏரியிலோ ‘பாடு’ முறை. தன் முறை வந்தால் வலை போட்டே ஆகணும். சீரியலுக்காக முறையை விட்டால் அடுப்பு எரியுமா? தவறவிட்டவருக்கு, பார்த்தவர் கரையில் கதை சொன்னால்தான் உண்டு.

இப்போது செல்போனில் ஒரே ராத்திரியில் மொத்தமும் முடிகிறது. கொலையாளி யார் என்று வாரம் பூரா மண்டையை உடைத்துக்கொண்ட சுகம் போயே போச்சு! நம்ம ஓட்டும் கருப்புவுக்குத்தான்.