பச்சை வாசனை போகாத பர்பன்

1800களின் தொடக்கத்தில் கென்டக்கியில் விஸ்கி வாங்கப் போனவர் அதன் வயதைக் கேட்டிருக்க மாட்டார். மக்காச்சோளத்தில் வடித்த சரக்கு (பின்னாளில் பர்பன் எனப்பட்டது இதுதான்) பெரும்பாலும் தண்ணீர் நிறத்திலேயே விலைபோயிற்று. ஒஹாயோ ஆற்றில் ஏற்றி மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேரும்வரை பீப்பாய்க்குள் கிடந்ததே அதற்கு வாய்த்த வயது. குப்பியைக் குலுக்கிப் பார்ப்பார்கள். மேலே எழும் குமிழ்கள் முத்துமுத்தாக நின்றால் சரக்கு கெட்டி. சட்டென உடைந்தால் தண்ணீர் கலந்தது. பரிசோதனை அதோடு முடிந்தது.

கருக்கிய ஓக் பீப்பாயில் சில ஆண்டுகள் கிடந்து சிவந்த விஸ்கிக்கு மவுசு ஏறியதும் பித்தலாட்டமும் ஏறியது. மொத்த வியாபாரிகள் பலர் புதுச் சரக்கில் கருக்கிய சர்க்கரையும் உலர்ந்த பிளம்ஸ் சாறும் புகையிலைச் சாறும் சேர்த்துப் ‘பழசு’ என்று விற்றார்கள். குமிழ் உடையாமல் நிற்பதற்கென்றே ஓர் எண்ணெய்க் கலவை இருந்தது. அதன் செய்முறையைக் கையேடுகளில் அச்சடித்தே விற்றார்கள். அப்புறம் கண்ணை நம்பி என்ன பயன், குலுக்கலை நம்பி என்ன பயன்?

1870இல் லூயிவில்லைச் சேர்ந்த ஜார்ஜ் கார்வின் பிரவுன், தன் ஓல்ட் ஃபாரஸ்டரை முத்திரையிட்ட புட்டியில் மட்டும்தான் விற்பேன் என்று இறங்கினார். 1897இல் எட்மண்ட் டெய்லர் போன்ற வடிசாலைக்காரர்களின் முயற்சியால் சட்டமே வந்துவிட்டது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசுப் பூட்டுக்குள் குறைந்தது 4 ஆண்டு, 50 சதவீத ஆல்கஹால். இவை நான்கும் பொருந்தினால் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். வயது என்பது தரத்துக்குச் சாட்சியாக நின்றது அப்போதிலிருந்துதான். 1933இல் அமெரிக்காவின் மதுவிலக்கு நீங்கியபோது பழைய இருப்பு போதவில்லை. இளம் சரக்கு மறுபடி கடைக்கு வந்தது, வேறு வழியில்லாத சரக்காக.

இன்றைய கதை வேறு. வயதை மறைத்த காலம் போய், குழந்தை என்று பெயர் சூட்டியே விற்கும் காலம் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் கார்டினர் ஊரில் ரால்ஃப் எரென்சோவும் பிரையன் லீயும் நடத்திய டட்டில்டவுன் வடிசாலை, 2006 வாக்கில் ‘ஹட்சன் பேபி பர்பன்’ என்ற அரைப் புட்டியைக் கொண்டுவந்தது. முழுக்க மக்காச்சோளம். வழக்கமான பர்பன் பீப்பாய் 53 கேலன், ஏறக்குறைய 200 லிட்டர். இவர்கள் எடுத்தது 3 கேலன் பீப்பாய். சில மாதங்களிலேயே செம்பு நிறம் ஏறிவிட்டது. கிடங்கில் ஒலிபெருக்கி வைத்து, கனத்த இசையின் அதிர்வில் பீப்பாயைக் குலுக்கவும் செய்தார்கள். விளம்பரத்துக்கு அது நல்ல கதை. குவளையில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சின்னப் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் உரசக் கிடைக்கும் மரப்பரப்பு அதிகம். அதனால் நிறமும் வனிலா வாசமும் துவர்ப்பும் விரைந்து இறங்கும். ஆனால் காற்று மெல்லப் புகுந்து சரக்கின் காரத்தைத் தணிப்பதும், அமிலமும் ஆல்கஹாலும் கூடிப் பழவாசம் பிறப்பதும் பீப்பாயின் அளவைப் பார்த்து அவசரப்படுவதில்லை. தீயைக் கூட்டினால் தோசை சீக்கிரம் சிவக்கும், நடுவில் மாவு வேகாது. பஃபலோ டிரேஸ் வடிசாலை 5, 10, 15 கேலன் பீப்பாய்களில் ஒரே சரக்கை ஊற்றி ஆண்டுக்கணக்கில் சுவைத்துப் பார்த்தது. மர வாசனை மிகுந்ததே தவிர ஆழம் வரவில்லை. சோதனை தோல்வி என்று 2012இல் தானே அறிவித்தது. பர்பன் பற்றி எழுதும் சார்ல்ஸ் கௌடரி அதே ஆண்டில், சின்னப் பீப்பாய் மட்டமான விஸ்கியைத்தான் தரும் என்று தலைப்பிலேயே போட்டு ஒரு சிறு மின்நூல் வெளியிட்டார்.

நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இளம் பர்பனில் ரசிக்க விஷயம் இருக்கிறது, எதைத் தேடுவது என்று தெரிந்தால். குவளையை மூக்கருகே கொண்டுபோய், வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகர வேண்டும். அவித்த சோளக்கதிர், பச்சை ஆப்பிள், பிசைந்த மாவு: இவையெல்லாம் இளமையின் இயல்பான வாசனைகள், குற்றமில்லை. நகப்பூச்சு நெடி அடித்தால் அது வேறு. வடியும்போது முதலில் வருவதை ஒழுங்காக ஒதுக்கவில்லை என்று பொருள். நனைந்த அட்டை வாசம் என்றால் கடைசியில் வருவதைப் பேராசையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். பத்து வருஷம் மரத்தில் கிடந்தால் இந்தக் குறைகளில் சில அமுங்கிப்போகும். ஓராண்டுச் சரக்கில் ஒன்றும் ஒளியாது. வடித்தவரின் கைச்சுத்தம் அப்படியே தெரியும்.

பிறகு சில சொட்டுத் தண்ணீர். நல்ல இளம் பர்பன் தண்ணீர் பட்டதும் தானிய இனிப்பைத் திறந்து காட்டும். மரத்தை அவசரமாக ஏற்றியது பிளந்துகொள்ளும்: முன்னால் பென்சில் சீவிய தூள், பின்னால் பச்சைச் சாராயம், இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாக. காலிக் குவளையை இரவு முழுக்க விட்டுவைத்துக் காலையில் முகர்ந்தாலும் சாயம் வெளுத்துவிடும்.

பர்பனில் நிறம் சேர்க்க இன்று சட்டம் விடுவதில்லை. பிளம்ஸ் சாறும் புகையிலையும் ஒழிந்தன. ஆனால் நிறத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாத நிலை அப்படியேதான் இருக்கிறது. முன்பு சாறு செய்த வேலையைச் சின்னப் பீப்பாய் சட்டப்படி செய்கிறது. ஹட்சன்காரர்களே அந்த வழியை விட்டுவிட்டார்கள். 2010இல் அந்தப் பெயரை ஸ்காட்லாந்தின் வில்லியம் கிராண்ட் நிறுவனம் வாங்கியது; 2020இல் ‘பேபி’ போய் ‘பிரைட் லைட்ஸ், பிக் பர்பன்’ வந்தது, வயதும் 3 ஆண்டுக்குமேல் ஆயிற்று.

ஆகவே வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்க வேண்டாம், சீட்டைப் படிக்கவும். ‘ஸ்ட்ரெய்ட்’ என்றிருந்தால் குறைந்தது 2 ஆண்டு. 4 ஆண்டுக்குக் குறைந்த எதுவும் வயதைச் சொல்லியாக வேண்டும். 8 மாதம் என்று ஒளிக்காமல் எழுதியவரின் புட்டியை நம்பி ஒரு மிடறு குடித்துப் பார்க்கலாம். இளம் சரக்காக இருந்தும் வயதைப் பற்றி வாய் திறக்காத கறுத்த புட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.