தொழில்முனைவு எம்பிஏ மாணவர்களுக்கு மட்டுமா?

2007-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு வகுப்பு ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொண்டார்கள். குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காப்பாற்றும் இன்குபேட்டரின் விலை சுமார் 20,000 டாலர். அந்த விலையில் நூற்றில் ஒரு பங்குக்கு ஒரு கருவி செய்ய வேண்டும். நால்வரில் ஒருவர் எம்பிஏ மாணவி, ஒருவர் கணினி அறிவியல் படித்தவர், மற்ற இருவர் பொறியியல் பின்னணி கொண்டவர்கள். பொறியாளர்கள் மட்டுமே இருந்திருந்தால் இன்குபேட்டரைப் பிரித்துப்போட்டு, எந்த உதிரிபாகத்தை மலிவாக்கலாம் என்று பார்த்திருப்பார்கள். அந்தப் பாடமோ மாணவர்களை முதலில் களத்துக்கு அனுப்பும்.

ஒருவர் நேபாளம் போனார். காத்மாண்டுவில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறப்பதோ தொலைதூரக் கிராமங்களில். நகரத்துக்குத் தூக்கி வருவதற்குள் உடல் குளிர்ந்து உயிர் போய்விடும். அந்த இடத்தில் கேள்வியே மாறிவிட்டது. மருத்துவமனைக்கு இன்னொரு மலிவான பெட்டி தேவையில்லை. மின்சாரத்தை நம்பியிருக்க முடியாத ஊரில், தாயின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு கருவிதான் தேவை. 'எம்ப்ரேஸ்' அப்படிப் பிறந்தது. பார்க்க ஒரு குட்டித் தூக்கப் பை. உள்ளே மெழுகு போன்ற பொருள் அடைத்த உறை ஒன்று இருக்கும். சூடாக்கினால் அது உருகும். திரும்ப உறையும்போது சில மணி நேரத்துக்குக் குழந்தையின் உடல் வெப்பமான 37 டிகிரியைப் பிடித்து வைத்திருக்கும்.

மாதிரியைத் தூக்கிக்கொண்டு இந்தியக் கிராமங்களுக்கு வந்தார்கள். உறையில் வெப்பநிலை எண் தெரியும்படி செய்திருந்தார்கள். 37 வரும்வரை சூடாக்குவீர்களா என்று ஒரு தாயிடம் கேட்டபோது, 30 வந்ததும் நிறுத்திவிடுவேன் என்றார். ஆங்கில மருந்து வீரியம் அதிகம், டாக்டர் ஒரு கரண்டி சொன்னால் குழந்தைக்கு அரைக் கரண்டிதான் கொடுப்போம், இதையும் கொஞ்சம் குறைத்தே வைப்பதுதான் நல்லது என்பது அவருடைய கணக்கு. அந்த அக்கறையே குழந்தைக்கு ஆபத்தாகியிருக்கும். எண்ணை எடுத்துவிட்டு, 'சரி', 'சரியில்லை' என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். ப்ராஜெக்ட்டுக்கு மதிப்பெண் வாங்கியதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. நிறுவனமாகப் பதிவு செய்து, பெங்களூருக்கே வந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

இங்கே வெப்பப் பொறியியல் இருக்கிறது, குழந்தை மருத்துவம் இருக்கிறது, விலைக் கணக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாய் ஏன் அப்படி நினைக்கிறார் என்று பொறுமையாகக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மானிடவியல் இருக்கிறது. எந்த ஒரு துறையும் தனியாக இந்தப் பையைச் செய்திருக்க முடியாது.

பல்கலைக்கழகங்கள் இதைப் புரிந்துகொள்ள நீண்ட காலம் ஆயிற்று. அமெரிக்காவில் தொழில்முனைவுக்கென்று நடந்த முதல் பாடமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1947-இல் மைல்ஸ் மேஸ் நடத்திய பாடம். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் பலர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இந்தப் பாடம் வணிகத் துறையின் வீட்டுச் சொத்தாகவே இருந்தது. கலைக்கூடத்தில் படிப்பவரும் வேளாண் மாணவரும் தாவரவியல் ஆராய்ச்சியாளரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

2003-இல் காஃப்மன் அறக்கட்டளை எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. தொழில்முனைவை வணிகத் துறைக்கு வெளியே வளாகம் முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் நோக்கம். மருந்து நிறுவனம் ஒன்றைத் தன் வீட்டு நிலவறையில் தொடங்கி வளர்த்த யூயிங் காஃப்மனின் பணத்தில் உருவான அறக்கட்டளை அது. அந்த எட்டில் ஒன்று ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம். புகழ்பெற்ற ஈஸ்ட்மன் இசைப் பள்ளி அதைச் சேர்ந்தது. வயலின் படிக்கிறவருக்குத் தொழில்முனைவு எதற்கு? பட்டம் வாங்கும் எல்லாருக்கும் பெரிய இசைக்குழுவில் நிரந்தர நாற்காலி கிடைப்பதில்லை என்பதுதான் பதில். தனக்கென்று ஒரு குழு அமைப்பது, கச்சேரி ஏற்பாடு செய்வது, ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்வது, நிதி திரட்டுவது எல்லாம் தெரியாவிட்டால் பத்துப் பதினைந்து வருட சாதகம் வீணாகிவிடக்கூடும்.

கலைத் துறையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. எல்லாவற்றையும் கடை விரிக்கச் சொல்கிறார்களோ என்ற பயம் அது. நியாயமான பயம்தான். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட 'என்ட்ரிகாம்ப்' என்ற வரையறை இதற்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டது. ஒரு வாய்ப்பையோ யோசனையையோ எடுத்துப் பிறருக்கு மதிப்புள்ள ஒன்றாக மாற்றுவதுதான் தொழில்முனைவு என்று அது சொல்கிறது; அந்த மதிப்பு பணமாகவும் இருக்கலாம், பண்பாடாகவும் இருக்கலாம், சமூக நன்மையாகவும் இருக்கலாம். ஊர் நூலகத்துக்கு உயிர் கொடுக்கும் தமிழ் இலக்கிய மாணவரும் இந்த வரையறைக்குள் வந்துவிடுவார்.

எப்படிக் கற்பிப்பது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒரு மையத்தை அமைத்து எல்லாத் துறை மாணவர்களையும் அங்கே வரவழைப்பது ஒன்று. ஒவ்வொரு துறையும் தன் மாணவர்களுக்குத் தன் மொழியில் சொல்லிக்கொடுப்பது மற்றொன்று. முதல் வழி நடத்துவதற்குச் சுலபம். ஆனால் மையம் வணிகத் துறையின் கட்டடத்தில் இருந்தால் கால்நடை மருத்துவ மாணவர் வாசலோடு திரும்பிவிடுவார். இரண்டாவது வழியில் பாடம் மாணவருக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால் கால்நடை மருத்துவர் கால்நடை மருத்துவரோடு மட்டுமே பேசிக்கொண்டிருப்பார். எம்ப்ரேஸ் குழுவைப் போன்ற கலவை அமைய, இரண்டையும் தாண்டி இன்னும் ஒன்று தேவைப்படுகிறது.

அந்த இன்னொன்றை ஒரு நாடே முயன்று பார்த்தது. பின்லாந்தில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், வணிகப் பள்ளி, கலை வடிவமைப்புப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் இணைத்து 2010-இல் ஆல்டோ பல்கலைக்கழகத்தை உருவாக்கினார்கள். கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோவின் பெயர் அதற்கு. மூன்றும் வெவ்வேறு இடங்களில் இயங்கிவந்தவை. காகிதத்தில் இணைத்தால் போதாது என்று தெரிந்து, ஹெல்சின்கியை ஒட்டியுள்ள ஓட்டனியெமி வளாகத்துக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். வடிவமைப்புப் பள்ளி 2018-இலும், வணிகப் பள்ளி அதற்கடுத்த ஆண்டும் வந்து சேர்ந்தன. கிட்டத்தட்ட பத்து வருட வேலை.

இணைப்புக்கு முன்பே, 1997 முதல் அங்கே நடந்துவரும் ஒரு பாடம் உண்டு. ஒரு நிறுவனம் தன்னுடைய உண்மையான சிக்கலையும் அதற்கான பணத்தையும் கொண்டுவரும். பொறியியல், வடிவமைப்பு, வணிக மாணவர்கள் கலந்த குழு ஒரு கல்வியாண்டு முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் வேலை செய்யும் மாதிரியைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும். அதற்கென்றே டிசைன் ஃபேக்டரி என்ற பட்டறை 2008-இல் திறக்கப்பட்டது. இந்தச் சூழலில் மாணவர்களே 2009-இல் ஒரு தொழில்முனைவுச் சங்கம் தொடங்கினார்கள். 'ஸ்லஷ்' என்ற சிறு கூட்டத்தை 2011 முதல் கையில் எடுத்து, உலகெங்குமிருந்து ஸ்டார்ட்அப்களும் முதலீட்டாளர்களும் வந்து குவியும் மாநாடாக வளர்த்தார்கள். அக்டோபர் 13-ஐத் தோல்வி நாளாக அனுசரிக்கும் வழக்கமும் அந்த மாணவர்கள் தொடங்கியதுதான். ஆல்டோவில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் கட்டடங்களைவிட இதில்தான் இருக்கிறது: மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஆசிரியர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

இப்படியெல்லாம் கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா? நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியின் இரு கிளைகளை ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வு சங்கடமான விடையைத் தந்தது. ஒரு கிளையில் மாணவர்கள் சேர்ந்து சிறு நிறுவனம் நடத்தும் பாடம் கட்டாயம். மறு கிளையில் அது இல்லை. படித்த மாணவர்களின் திறமை குறிப்பிடும்படி கூடவில்லை. தொழில் தொடங்கும் ஆசையோ குறைந்துபோயிருந்தது. இதைத் தோல்வி என்று எளிதில் தள்ளிவிடக் கூடாது. தனக்கு இது சரிவராது என்று இருபது வயதில் கல்லூரிக்குள் தெரிந்துகொள்பவர், முப்பது வயதில் அம்மாவின் நகையை அடகு வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் கட்டாயப் பாடமாக்கிவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்பும் நிர்வாகங்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிப்பது நல்லது.

ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறுதொழில் செய்பவர்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குக் கணக்கு, சந்தை, நிர்வாகம் என்று வழக்கமான வணிகப் பயிற்சி. மற்றொரு பிரிவுக்கு உளவியலாளர்கள் வடிவமைத்த பயிற்சி: யாரும் சொல்லாமல் தானே முன்கை எடுப்பது, சந்தையில் இல்லாததைத் தேடுவது, தடை வந்தால் விடாமல் நிற்பது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, உளவியல் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 விழுக்காடு கூடியிருந்தது. வழக்கமான பயிற்சியின் பலனோ புள்ளியியல் கணக்கில் உறுதிப்படும் அளவுக்குக்கூட இல்லை.

பல துறைகளுக்குத் தொழில்முனைவைக் கற்பிப்பது என்றால், வணிகப் பேராசிரியர் ஒவ்வொரு துறையாகப் போய்ச் சொற்பொழிவாற்றுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். டோகோ நேர்மாறாகக் காட்டுகிறது. வணிகத் துறை மற்றவர்களிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. இப்போது உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் ஒரு கோட்பாட்டைத் தந்த சரஸ் சரஸ்வதியும் இந்த உளவியல் வழியில் வந்தவர்தான். நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனிடம் ஆய்வு செய்தவர் அவர். 27 அனுபவமிக்க தொழில்முனைவோரிடம் ஒரே சிக்கலைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தீர்க்கச் சொன்னார். அவர்கள் பெரிய இலக்கை வைத்துக்கொண்டு பணம் தேடவில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்று கையில் இருப்பதிலிருந்து தொடங்கினார்கள். எவ்வளவு போனால் தாங்க முடியும் என்று பார்த்தே அடியெடுத்து வைத்தார்கள். வரலாறு படிப்பவருக்கும் பரதம் படிப்பவருக்கும் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை உண்டு.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் புதிதல்ல. திருச்சியில் அப்போதைய மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி அறிவியல் தொழில்முனைவோர் பூங்கா தொடங்கியது 1986-இல். கோவை பிஎஸ்ஜி கல்லூரியில் அதே போன்ற ஒன்று 1998-இல் வந்தது. சென்னை ஐஐடியில் பொறியியல் வடிவமைப்புத் துறையில் படித்த இருவர் மின்கலம் செய்யலாம் என்று ஆரம்பித்து, பிறகு ஸ்கூட்டரையே செய்துவிட முடிவெடுத்து 2013-இல் தொடங்கியதுதான் ஏதர். ஓசூரில் இன்று அதன் தொழிற்சாலை இருக்கிறது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் இந்த மூன்றும் பொறியியல் வளாகங்களில் பிறந்தவை.

மற்ற துறைகள் இதில் சேராததற்குக் காரணம் மாணவர்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களே துறைவாரியாகப் பிரிந்து நிற்கின்றன. வேளாண்மைக்கு 1971-இல் ஒன்று, பொறியியலுக்கு 1978-இல் ஒன்று, கால்நடைக்கு 1989-இல் ஒன்று. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் மீன்வளத்துக்கும் இசைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. ஒவ்வொன்றும் தன் துறையை ஆழமாக வளர்த்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கோவையில் டவுன் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் வேளாண் மாணவியும் பொறியியல் மாணவரும் சட்ட மாணவியும் ஒரே ப்ராஜெக்ட்டில் சேர முடிவதில்லை. மூவருக்கும் மூன்று பல்கலைக்கழகம், மூன்று தேர்வு அட்டவணை. தக்காளி விலை விழும்போது சாலையில் கொட்டாமல் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இந்த மூவரும் தேவை.

பின்லாந்தைப் போல எல்லாவற்றையும் இணைக்க வேண்டியதில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏஐசிடிஇ) 2016-இலும், அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019-இலும் வெளியிட்ட ஸ்டார்ட்அப் கொள்கைகள், மாணவர்களின் தொழில் முயற்சிக்குக் கல்லூரிகள் இடம்கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டன. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் வேறு பல்கலைக்கழக மாணவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம், இரு பக்கமும் கிரெடிட் உண்டு, வைவாவுக்கு இரு துறை ஆசிரியர்களும் உட்காருவார்கள் என்று மூன்று துணைவேந்தர்கள் கையெழுத்திட்டால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம். தக்காளியோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய் நிற்பதை முதல் மாத வேலையாகக் கொடுக்கலாம்.