தாவ ஓர் இடம் வேண்டும்

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். இது அவசரமாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை, ஆனால் கஷ்டமானதும் இல்லை.

ஃபோர்த் என்றொரு கணினி மொழி இருக்கிறது. சார்லஸ் மூர் என்பவர் தன் சொந்த வசதிக்காக உருவாக்கியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய வானொலி வானியல் ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தபோது, அரிசோனாவில் கிட் பீக் மலைமேல் இருந்த 11 மீட்டர் தொலைநோக்கியை இயக்க இந்த மொழியே பயன்பட்டது. தொலைநோக்கி முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு சொல்லைத் தட்டினால் கருவி உடனே அசைய வேண்டும். நிரலை எழுதி, மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதெல்லாம் இரவு வானத்துக்குச் சரிப்படாது. தட்டியவுடன் நடக்கும் இந்தக் குணம் ஃபோர்த்தோடு பிறந்தது.

5 3 + . என்று தட்டி என்டர் அழுத்தினால் 8 என்று வரும், கூடவே 'ஓகே' என்று ஒரு தலையாட்டல். 5 அடுக்கின்மேல் (எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் இடம்) போகிறது, அதன்மேல் 3 போகிறது, கூட்டல் குறி இரண்டையும் எடுத்துக்கொண்டு 8ஐ வைக்கிறது, புள்ளி அதை எடுத்துத் திரையில் அச்சிடுகிறது. 'ஐந்தையும் மூன்றையும் கூட்டு' என்று வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இந்த வரிசை இங்கிலீஷ்காரர்களுக்கு இருக்கும் அளவுக்குச் சங்கடம் தருவதில்லை.

சங்கடம் வேறு இடத்தில் வருகிறது. கற்கிறவர் அடுத்தபடியாக நிபந்தனைக்குப் போவார். 7 5 > இஃப் 1 . தென் என்று தட்டுவார். 7 பெரியதாக இருந்தால் 1ஐ அச்சிடு, அவ்வளவுதான். (ஃபோர்த்தில் 'தென்' என்பது நிபந்தனைப் பகுதி முடிகிற இடம். மற்ற மொழிகளில் இருந்து வருகிறவர்கள் இதற்கே ஒரு நாள் திட்டுவார்கள்.) உடனே பிழைச் செய்தி: தொகுக்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய சொல்லை நேரடியாக இயக்கப் பார்க்கிறீர்கள் என்று. ஃபோர்த்துக்கென 1994இல் வந்த அமெரிக்கத் தர ஆவணம் இந்தப் பிழைக்கென்றே -14 என்று ஓர் எண் ஒதுக்கியிருக்கிறது. அத்தனை பேர் இதில் இடித்துக்கொள்வார்கள் என்று முன்பே தெரிந்திருக்கிறது!

கூட்டல் நடக்கிறது, அச்சிடுதல் நடக்கிறது, 'இஃப்' மட்டும் ஏன் நடக்காது?

டீக்கடை மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு ஸ்ட்ராங்', 'ஒரு சர்க்கரை கம்மி' என்று காதில் விழுந்தபடியே போட்டுத் தள்ளுகிறார், எதையும் எழுதி வைப்பதில்லை. அவரிடம் போய், 'முதலில் சொன்ன இடத்திலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை' என்றால் விழிப்பார். முதலில் சொன்ன இடம் என்று ஒன்று அவரிடம் கிடையாது. தட்டியதைப் படிக்கும் ஃபோர்த்தின் உள்வாங்கியும் இப்படித்தான் வேலை செய்கிறது. இடமிருந்து வலமாக ஒரு சொல்லை எடுக்கிறது, தெரிந்த சொற்களின் பட்டியலான அகராதியில் தேடுகிறது, செய்கிறது, அடுத்ததற்குப் போகிறது.

நிபந்தனையும் சுழற்சியும் அடிப்படையில் தாவல்கள். 'இஃப்' முன்னால் தாவுகிறது, 'லூப்' பின்னால் தாவுகிறது. தாவ வேண்டுமானால் போய் விழ ஓர் இடம் வேண்டும், நினைவகத்தில் முகவரியோடு. புதுச் சொல்லை வரையறுக்கும்போது அந்த இடம் கிடைக்கிறது. முக்காற்புள்ளியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிகிற வரையறைக்குள் வரும் சொற்கள் இயங்காமல் நினைவகத்தில் வரிசையாகப் பதிந்துகொண்டே போகும். அங்கே 'இஃப்' வந்தால் 'உண்மை இல்லையென்றால் தாவு' என்ற கட்டளையைப் பதித்து, எங்கே தாவுவது என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, அந்தக் காலிக் கட்டத்தின் முகவரியைக் குறித்து வைக்கும். பின்னால் 'தென்' வந்து அந்தக் குறிப்பை எடுத்து, தான் நிற்கும் முகவரியைக் கட்டத்தில் நிரப்பும். 'பிகின்' தான் நிற்கிற இடத்தைக் குறித்து வைக்கும், 'அன்டில்' அங்கே திரும்பும் தாவலைப் பதிக்கும். மொத்த வித்தையும் இவ்வளவுதான். ஒரு மொழியின் நிபந்தனையும் சுழற்சியும் நாலைந்து வரியில் எழுதி முடித்துவிடக்கூடிய சாதாரணச் சொற்களாக இருப்பது, என்னைக் கேட்டால், ஃபோர்த்தின் மிக அழகான பகுதி.

பல அமைப்புகளில் அந்தக் குறிப்பு எங்கே வைக்கப்படுகிறது தெரியுமா? நீங்கள் எண்களை வைக்கும் அதே அடுக்கில். ஆகவே சோதனை எதுவும் இல்லாத ஃபோர்த்தில் மேலே உள்ள வரியைத் தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'இஃப்' நிபந்தனையைத் தொடாது, எங்கோ ஒரு தாவலைப் பதித்துவிட்டு அடுக்கில் ஒரு முகவரியை வைத்துவிட்டுப் போகும். அடுத்து 1 . உடனே இயங்கும். நிபந்தனை உண்மையோ பொய்யோ, திரையில் 1 வந்துவிடும். 'தென்' வந்து முகவரியை எடுத்துக் கட்டத்தை நிரப்பும். ஒப்பீட்டின் விடை யாரும் கேட்காமல் அடுக்கிலேயே கிடக்கும், அகராதியில் கொஞ்சம் குப்பை சேர்ந்திருக்கும். பிழைச் செய்தி நம்மை இதிலிருந்துதான் காப்பாற்றுகிறது. திட்டாதீர்கள்.

சரி, என்ன செய்வது? எல்லோரும் செய்வது ஒன்று: : பார் 7 5 > இஃப் 1 . தென் ; என்று ஒரு பெயர் வைத்து வரையறுத்துவிட்டு, அடுத்து பார் என்று தட்டுவது. ஒருமுறை மட்டும் தேவைப்படுகிற காரியத்துக்குப் பெயர் தேடுவது எரிச்சல். பெயரே வேண்டாம் என்றால் ':நோநேம்' இருக்கிறது. அதுவும் 1994 தரத்தில் வந்தது, ஓட்டச் சொல்லும் 'எக்ஸிக்யூட்'டோடு சேர்த்துத் தட்ட வேண்டும்.

சதுர அடைப்புக்குள் எழுதப்படும் [இஃப்], [எல்ஸ்], [தென்] என்ற மூன்றும் வேறு வழியில் போகின்றன. இவை தாவலைப் பதிப்பதே இல்லை. நிபந்தனை பொய்யானால் [எல்ஸ்] அல்லது [தென்] வரும்வரை உரையைப் படித்துப் படித்துத் தூக்கியெறிகின்றன, உள்ளே இன்னொரு [இஃப்] வந்தால் அதையும் எண்ணிக்கொண்டு. முன்னால் தாவ இது போதும். பின்னால் போக இதில் வழியில்லை, எறிந்தது எறிந்ததுதான்.

பின்னால் போகவும் ஒரு குறும்பான வழி உண்டு. தட்டிய வரி என்டர் அழுத்திய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளீட்டு இடத்தில் அப்படியே இருக்கும். எந்த எழுத்துவரை படித்தாயிற்று என்பதை ஒரு மாறி சுமந்துகொண்டிருக்கும். அந்த மாறியைப் பூஜ்யமாக்கினால் அதே வரி மறுபடியும் முதலிலிருந்து படிக்கப்படும்! லாக்சனும் பெர்ரியும் எழுதிய எஃப்83 என்ற ஃபோர்த்தில் 'மெனி' என்று ஒரு சொல் இதைத்தான் செய்யும். வரியின் கடைசியில் அதை எழுதிவிட்டால், நீங்கள் ஏதாவது ஒரு விசையை அழுத்தும்வரை வரி திரும்பத் திரும்ப இயங்கும். வன்பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனாலும் முழுமையான தீர்வைச் சன் என்ற கணினி நிறுவனத்தில் மிட்ச் பிராட்லி கொண்டுவந்தார் என்பேன். சன் கணினிகள் உயிர்த்தெழும்போது முதலில் ஓடுகிற சிறு நிரலை ஃபோர்த்திலேயே அமைத்தவர் அவர். அது ஓபன்பூட் என்ற பெயரில் வந்து, 1994இல் ஓபன் ஃபர்ம்வேர் என்ற தரமாயிற்று. பவர்பிசி மேக்கின்டாஷ்களிலும், பள்ளிக் குழந்தைகளுக்கான எக்ஸ்ஓ-1 மடிக்கணினியிலும் அதுவே இருந்தது. அங்கே 'ஓகே' எதிரிலேயே 10 0 டூ ஐ . லூப் என்று தட்டலாம் ('ஐ' என்பது சுற்றின் நடப்பு எண்). அங்கே எண்கள் பதினாறின் அடிமானத்தில் என்பதால் 0 முதல் f (15) வரை வரும்.

உள்ளே நடப்பது இது. வெளியே நிற்கும்போது 'டூ', 'பிகின்', 'இஃப்' போன்ற திறப்புச் சொல் ஒன்று வந்தால், அது சத்தமில்லாமல் பதிக்கும் நிலைக்கு மாறி, ஒரு தற்காலிக இடத்தில் பதிக்கத் தொடங்கும். உள்ளே எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே வரும். கடைசித் திறப்பும் மூடியதும் பதித்ததை ஒருமுறை ஓட்டிவிட்டு, இடத்தைக் காலி செய்துவிடும். முன்னால் தட்டிய 10உம் 0உம் என்ன ஆயின என்று கேட்கலாம். 'டூ' கண்ணில் படுவதற்கு முன்பே அவை அடுக்கில் ஏறிவிட்டன. 'டூ'வின் முகவரிக் குறிப்பு அடுக்கிலேயே வைக்கப்பட்டாலும் இவற்றின் மேல் உட்கார்ந்து, 'லூப்' வந்ததும் எடுக்கப்பட்டுவிடும். ஓட்டம் தொடங்கும்போது 10உம் 0உம் மறுபடி உச்சியில் இருக்கும். யாரும் எதையும் நகர்த்தவில்லை!

தட்டுகிற சொல் இயங்குமா பதியுமா என்பது நின்றிருக்கும் நிலையைப் பொறுத்தே இருக்க வேண்டும், சொல்லே நிலையை மாற்றக்கூடாது என்று வாதிடுகிற ஃபோர்த்காரர்கள் உண்டு. கொள்கையளவில் சரி. வட்டு எழும்பாத கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரு கருவியின் பதிவேட்டை விசை அழுத்தும்வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஆளிடம் அந்தக் கொள்கையைச் சொல்லிப் பாருங்கள்.

இந்தச் சிக்கலே வராத அடுக்கு மொழிகளும் உண்டு. 1984இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்டில் செய்ய வேண்டியதை நெளிவு அடைப்புக்குள் போட்டால், அந்தத் துண்டு முழுவதும் ஒரே பொருளாக அடுக்கில் ஏறிவிடும். அதன் பிறகு வரும் 'இஃப்', நிபந்தனையையும் துண்டையும் எடுத்துப் பார்த்து, தேவையானால் ஓட்டும். அங்கே 'இஃப்' கூட்டல் குறியைப் போல இன்னொரு சாதாரணச் சொல், எங்கே வேண்டுமானாலும் தட்டலாம். விலையும் உண்டு: அந்தத் துண்டுகளைக் கட்டிவைக்க நினைவகம் வேண்டும், ஓட்டும்போதும் கூடுதல் வேலை. மூரின் 'இஃப்' ஒரு தாவலும் ஒரு முகவரியும் மட்டும். அன்றைய சிறு கணினிகளில் அந்தச் சிக்கனம்தான் ஃபோர்த்தை நுழையவிட்டது.

ஓபன் ஃபர்ம்வேரின் ஏற்பாட்டிலும் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வோம், சொல்லிவிடுகிறேன். 'ஓகே' எதிரில் தட்டிய 'இஃப்'புக்கும் 'தென்'னுக்கும் நடுவில் புதுச் சொல் ஒன்றை வரையறுக்க முடியாது, ஏனென்றால் அந்நேரம் ஏற்கெனவே பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சொல் அகராதியில் இல்லையென்றால் மட்டும் அதை வரையறு என்பது போன்ற வேலைக்கு, உரையைத் தூக்கியெறிகிற அந்தச் சதுர அடைப்பு [இஃப்]தான் லாயக்கு.